கொலிசியத்தைக் காலி செய்ய வைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணி உரிமையாளர்களுக்கும் ஆணையருக்கும்,

2023 நவம்பர் 16 அன்று டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் கூடி, கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் அணி கொலிசியம் மைதானத்தை விட்டு லாஸ் வேகஸுக்குப் போகலாம் என்று வாக்களித்தீர்கள். 30-க்கு 30. உங்களில் ஒருவருக்குக்கூட மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை. ஊர் மாறும் அணியிடம் வாங்க வேண்டிய இடமாற்றக் கட்டணத்தையும் விட்டுக்கொடுத்தீர்கள். 57 பருவங்கள் ஒரு ஊரோடு வாழ்ந்த அணியை எடுத்துப் போக அவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்த ஊரின் கேலரியில் உட்கார்ந்து பிள்ளை வளர்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இந்த முடிவை நான் இன்னும் ஏற்கவில்லை.

நான் மதுரைக்காரி. கல்யாணமாகி, ஓக்லண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃப்ரீமாண்ட் வந்தபோது பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. எங்கள் ஊரிலிருந்து பார்ட் ரயிலில் ஏறினால் நேராகக் கொலிசியம் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து மைதானத்துக்கு ஒரு நீண்ட நடைபாலம். அதன் இரு பக்கமும் தொப்பி விற்பவர்கள், ஹாட் டாக் விற்பவர்கள், தண்ணீர் பாட்டிலைப் பனிக்கட்டியில் போட்டு விற்பவர்கள். புதன்கிழமைகளில் 2 டாலருக்கு டிக்கெட் கிடைத்த காலம் அது. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் சான் பிரான்சிஸ்கோ அணியின் மைதானம் அழகானது, ஆனால் புதிதாகக் குடியேறிய குடும்பம் நினைத்த நேரத்தில் போய்வரக்கூடிய விலையில் டிக்கெட் இல்லை. கொலிசியத்தில் வீட்டுச் சாப்பாட்டையே கட்டிக்கொண்டு உள்ளே போகலாம். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துக்கொண்டு போவோம். பக்கத்து இருக்கைக்காரர்களுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு அவர்கள் தட்டிலிருந்து நமக்கு ஏதாவது தருவார்கள். இந்த நாட்டில் முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் முதன்முதலாகக் கூச்சமில்லாமல் பேசிய இடம் அந்தக் கேலரிதான்.

கட்டடம் பழுதாகியிருந்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. 1966-இல் திறந்த மைதானம். 2013-இல் சாக்கடை பின்வாங்கி வீரர்களின் உடைமாற்றும் அறைக்குள்ளேயே வந்துவிட்டது. 1990-களின் நடுவில் அமெரிக்கக் கால்பந்து அணியான ரைடர்ஸைத் திரும்ப அழைத்துவர அவர்களுக்காக எழுப்பிய உயரமான கேலரி, அதுவரை மைதானத்திலிருந்து தெரிந்த ஓக்லண்ட் மலைகளை முழுக்க மறைத்துவிட்டது. அதைப் பற்றிப் பழைய ரசிகர்கள் பேசும்போது குரலில் இன்றைக்கும் கோபம் இருக்கும். அந்த ரைடர்ஸும் 2020-இல் லாஸ் வேகஸுக்குப் போய்விட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே கூடைப்பந்து அணியான வாரியர்ஸ் சான் பிரான்சிஸ்கோ போய்விட்டது. ரைடர்ஸுக்காகக் கட்டிய கேலரி மட்டும் மலையை மறைத்துக்கொண்டு நின்றது.

ஆனாலும் அந்த மைதானத்துக்கென்று ஒரு அமைப்பு உண்டு. ஆடுகளம் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் காங்கிரீட் வட்டம்தான். நுழைவாயிலைத் தாண்டி, இருட்டான நடையைக் கடந்து, கேலரியின் வாசலில் நின்றால் திடீரென்று கீழே அவ்வளவு பச்சை. என் அப்பா முதல் தடவை அந்த இடத்தில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டே ஒரு நோட்டில் ஓவர் ஓவராக ஸ்கோர் எழுதுகிற பழக்கம் அவருக்கு இருந்தது. 1952-இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது சேப்பாக்கத்தில் என்பதை யாராவது கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். விசிட்டர் விசாவில் எங்களிடம் வந்து தங்கியவருக்குப் பகலெல்லாம் பொழுது போகவில்லை. சரி என்று கொலிசியத்துக்குக் கூட்டிப்போனோம். எங்களுக்கு முன் வரிசையில் வயதான அம்மா ஒருவர் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்துக்கும் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். அப்பா எட்டி எட்டிப் பார்த்தார். அந்த அம்மா கவனித்துவிட்டு, இன்னொரு அட்டையும் பென்சிலும் நீட்டினார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். பந்தெறியும் பிட்சர் 1, பின்னால் நின்று பிடிக்கும் கேட்சர் 2, அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸில் நிற்பவர் 3 என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண். பந்து, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட் ஸ்டாப்பிடம் போய், இரண்டாம் பேஸ்காரரிடம் வந்து, முதல் பேஸில் முடிந்தால் 6-4-3, இரண்டு பேர் அவுட். அப்பாவுக்கு ஆங்கிலம் ஓரளவுக்குத்தான் வரும், அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எண்களை வைத்தே இரண்டு பேரும் ஒன்பது இன்னிங்ஸும் பேசிக்கொண்டார்கள். கிளம்பும் முன் அப்பா என்னிடம் சொன்னது: “ஏம்மா, இதுவும் நம்ம விளையாட்டு மாதிரிதான். எழுதி வச்சாதான் நிக்கும்.” அதற்கப்புறம் ஒவ்வொரு முறை வந்தபோதும் கோடு போட்ட நோட்டு ஒன்றில் தன் கையாலேயே கட்டம் வரைந்து ஆட்டங்களை எழுதினார். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. எண்கள் ஆங்கிலத்தில், ஓரக் குறிப்புகள் தமிழில். ஒரு பக்கத்தில் “காற்று அதிகம், ஸ்வெட்டர் கொண்டுவரவில்லை” என்றுகூட எழுதியிருக்கிறார்.

சில வெள்ளிக்கிழமை இரவுகளில் ஆட்டம் முடிந்ததும் வாணவேடிக்கை இருக்கும். கொலிசியத்தில் அப்போது ரசிகர்களை ஆடுகளத்துக்குள்ளேயே இறக்கிவிடுவார்கள். போர்வையை விரித்துப் புல்லில் உட்கார்ந்து பார்க்கலாம். அப்படி இறங்கிய இரவில் அப்பா ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “ரிக்கி நின்ற இடம் எது?” என்று கேட்டு, இடது பக்க மூலைக்கு நடந்துபோய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

ரிக்கி ஹெண்டர்சனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓக்லண்டில் வளர்ந்து, ஓக்லண்ட் பள்ளியில் படித்து, ஓக்லண்ட் அணிக்கு ஆடியவர். 1991 மே 1 அன்று தன் 939-ஆவது பேஸைத் திருடி, அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்து, அதுவரை முதலிடத்தில் இருந்த லூ ப்ராக்கின் சாதனையை முறியடித்தது இந்தக் களத்தில். 2017-இல் களத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். 2024 டிசம்பர் 20 அன்று அவர் காலமானார். அவர் ஊரில் அவர் அணி கடைசியாக ஆடி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். 2010 மே 9, அன்னையர் தினம். என் மகள் கைக்குழந்தை. பிரசவம் பார்க்க வந்திருந்த அம்மாவுக்கு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து சலித்துப்போயிருந்தது. வெயில் நன்றாக இருக்கிறதே என்று கிளம்பினோம். எங்கள் அணியின் பிட்சர் டாலஸ் பிரேடன் அன்று டாம்பா பே அணியில் அடிக்க வந்தவர்களை 27 முறையும் வரிசையாக வெளியேற்றினார். ஒருவரைக்கூட பேஸுக்கு விடவில்லை. மேஜர் லீக் வரலாற்றில் அது 19-ஆவது பெர்ஃபெக்ட் கேம். இதே மைதானத்தில் 1968-இல் எங்கள் அணியின் கேட்ஃபிஷ் ஹண்டர் இதையே செய்ததை நாங்கள் கேள்விதான் பட்டிருந்தோம். அன்று மைதானத்தில் இருந்தது 12,228 பேர். கடைசி ஆள் அவுட்டானதும் பிரேடன் தன் பாட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். “அன்னையர் தினம்ங்கறீங்க, அந்தப் பிள்ளையோட அம்மாவைக் காணோமே?” என்று என் அம்மா கேட்டார். பிரேடன் பள்ளியில் படிக்கும்போதே அம்மா புற்றுநோயில் இறந்துவிட்டார், பாட்டிதான் வளர்த்தார் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். என் அம்மா மடியில் இருந்த பேத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். பேஸ்பாலின் ஒரு விதிகூட அவருக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பிய பிறகும் ஃபோனில் “அந்தப் பாட்டி எப்படி இருக்காங்க?” என்று கேட்பார்.

இந்த நினைவுகளுக்கு உங்கள் கணக்குப் புத்தகத்தில் இடமில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் உங்கள் கணக்கிலிருந்தே பேசுகிறேன்.

ஓக்லண்டில் கூட்டம் வரவில்லை என்பதுதான் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட காரணம். 1990-இல் இதே மைதானத்துக்கு ஒரே பருவத்தில் 29 லட்சம் பேர் வந்தார்கள். 2022-இல் வந்தவர்கள் 8 லட்சத்துக்கும் குறைவு. நடுவில் ஊர் மாறிவிடவில்லை. 2022 மார்ச்சில், பருவம் தொடங்கும் முன்னரே, அணியின் நட்சத்திர வீரர்களான மேட் ஓல்சனை அட்லாண்டாவுக்கும் மேட் சாப்மனை டொராண்டோவுக்கும் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஷான் மர்ஃபியையும் கொடுத்தார்கள். என் மகள் யார் பெயர் போட்ட சட்டையை வாங்கினாலும் அடுத்த வருடம் அவர் வேறு ஊரில் ஆடிக்கொண்டிருந்தார். 2023-இல் அணி 112 ஆட்டங்களில் தோற்றது. குடியிருப்பவர்களை வைத்துக்கொண்டே கூரையை ஒழுகவிட்டு, அவர்கள் கிளம்பியதும் இந்த வீட்டில் குடியிருக்க ஆளே வருவதில்லை என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

அந்த ஆண்டு ஜூன் 13, செவ்வாய்க்கிழமை இரவு, ரசிகர்களே ஏற்பாடு செய்து மைதானத்தை நிரப்பினோம். 27,759 பேர். அணியை விற்றுவிடுங்கள் என்று உரிமையாளரைப் பார்த்து எழுதிய பச்சைச் சட்டைகளை வாகன நிறுத்தத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கியபோது, பேசி வைத்தபடி, எல்லாரும் எழுந்து வாய் திறக்காமல் நின்றோம். முதல் ஆட்டக்காரர் முடிந்ததும் ஒரே குரலில் கத்தினோம். அணி 2-1 என்று ஜெயித்தது. இரண்டு நாள் கழித்து, ஆணையர் அவர்களே, பத்திரிகையாளர்கள் கேட்டபோது நீங்கள் சொன்னது இதுதான்: ஒரு இரவுக்காவது மேஜர் லீக்கின் சராசரிக்குக் கிட்டத்தட்டக் கூட்டம் வந்ததைப் பார்க்க நன்றாக இருக்கிறது. என் மகளுக்கு அப்போது 13 வயது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தொண்டை கட்டும் வரை கத்திவிட்டு வந்தவள். செய்தியைப் படித்துவிட்டு, “அம்மா, நாம போனது அவருக்குப் பிடிக்கலையா?” என்று கேட்டாள். அவளுக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஓக்லண்டில் வேரூன்றியவர்கள் என்று அணியே ஒரு காலத்தில் விளம்பரம் செய்தது. அந்த வாசகத்தை மைதானத்தில் பார்த்துப் பார்த்து எங்களுக்கு மனப்பாடம். துறைமுகப் பக்கம் புது மைதானம் கட்டுவதாக ஆண்டுக்கணக்கில் நகரத்தோடு பேச்சு நடந்தது. ஏப்ரல் 2023-இல் லாஸ் வேகஸில் நிலம் பார்த்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. நெவாடா மாநிலம் 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் ஒதுக்கியது. நகரமும் அணியும் யார் எங்கே இழுத்தடித்தார்கள் என்பதில் இரண்டு பக்கமும் சொல்ல விஷயம் உண்டு. ஓக்லண்ட் நகர நிர்வாகத்தை நான் குறையில்லாதது என்று சொல்ல வரவில்லை. ஆனால் வாக்குப்போடும் அதிகாரம் உங்களிடம் மட்டும்தான் இருந்தது. 1922-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் பலனாக, மற்ற தொழில்களுக்கு இருக்கும் ஏகபோகத் தடைச் சட்டம் உங்களை முழுதாகத் தொடுவதில்லை. எந்த ஊருக்கு அணி வேண்டும், எந்த ஊருக்கு வேண்டாம் என்பதை நீங்கள் 30 பேர் அறைக்குள் உட்கார்ந்து தீர்மானிக்கலாம். நாடே கொடுத்த அப்படியொரு சலுகையை வைத்திருப்பவர்கள் ஊர் மக்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

சேப்பாக்கத்தின் கதையை அப்பா இருந்தால் உங்களுக்குச் சொல்லியிருப்பார். 2011 உலகக் கோப்பைக்காக அங்கே பழைய கேலரிகளை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். கேலரிதான் புதிது, களம் பழைய இடத்திலேயே இருக்கிறது. தாத்தா பார்த்த அதே இடத்தில் பேரன் பார்க்கிறான். ஓக்லண்டுக்கு நாங்கள் கேட்டதும் அவ்வளவுதான். கட்டடத்தை இடியுங்கள், புதிதாகக் கட்டுங்கள், ஆனால் இங்கே கட்டுங்கள் என்றுதான் கேட்டோம்.

2024 செப்டம்பர் 26, வியாழக்கிழமை மதியம், கடைசி ஆட்டத்துக்குப் போனோம். 46,889 பேர். ரிக்கி ஹெண்டர்சனும் அணியின் பழைய பிட்சர் டேவ் ஸ்டூவர்ட்டும் முதல் பந்தை எறிந்தார்கள். மகள் தாத்தாவின் நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். அவர் எழுதாமல் விட்டிருந்த பக்கத்தில் கட்டம் வரைந்து, டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிரான ஆட்டத்தை முதல் பந்திலிருந்து எழுதினாள். 3-2 என்று நம் அணி ஜெயித்தது. கடைசி அவுட், மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்கு: 5-3. அதை எழுதிவிட்டு பென்சிலைக் கீழே வைத்தாள். பயிற்சியாளர் மார்க் கோட்சே களத்தின் நடுவில் நின்று ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். மைதானப் பணியாளர்கள் தடுப்புக்கு அருகில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் களத்து மண்ணை அள்ளிக் கொடுத்தார்கள். தலைநரைத்த ஆண்கள் பேப்பர் கப்பை நீட்டி வரிசையில் நின்றதைப் பார்த்தேன். யாரும் அவசரப்படவில்லை, யாரும் யாரையும் தள்ளவில்லை. கூட்டம் கலைய வெகுநேரம் ஆனது.

இப்போது அந்த அணி சாக்ரமெண்டோவில், ஏறத்தாழ 14,000 பேர் மட்டுமே உட்காரக்கூடிய சிறு மைதானத்தில், எந்த ஊரின் பெயரும் இல்லாமல் வெறும் அத்லெடிக்ஸ் என்று ஆடுகிறது. அணியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டு நான் உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. நடக்கக்கூடியதைக் கேட்கிறேன்.

முதலில், ஓக்லண்டின் வரலாறு ஓக்லண்டுக்கு வேண்டும். அத்லெடிக்ஸ் என்ற பெயர் பிலடெல்பியாவில் பிறந்து கன்சஸ் சிட்டி வழியாக வந்தது என்று எனக்குத் தெரியும். பெயரைக் கேட்கவில்லை. 1968 முதல் 2024 வரையிலான சாதனைகளை ஓக்லண்டின் பெயரில் தனியாகப் பதிவு செய்து வையுங்கள். 1972, 1973, 1974, 1989 ஆகிய நான்கு உலகத் தொடர் கோப்பைகளையும் இந்த ஊரின் பொது அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். 1996-இல் அமெரிக்கக் கால்பந்து லீக் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் இடம்பெயர்ந்தபோது பெயரையும் நிறத்தையும் வரலாற்றையும் அந்த ஊருக்கே விட்டுக்கொடுத்தது. அவர்களால் முடிந்தது உங்களால் முடியும்.

அப்புறம், களம். கொலிசியம் இருக்கும் நிலத்தில் நாளைக்கு வீடுகளும் கடைகளும் வரும். அதை நான் எதிர்க்கவில்லை, அந்தப் பகுதிக்கு அவை தேவை. ஆனால் டெட்ராய்டில் பழைய டைகர் மைதானத்தை இடித்த பிறகு, ஆடுகளம் இருந்த இடத்தில் இன்றைக்குச் சிறுவர்கள் ஆடுகிறார்கள். அட்லாண்டாவில் ஹாங்க் ஆரன் 715-ஆவது ஹோம் ரன் அடித்துச் சாதனை படைத்தபோது பந்து வேலியைத் தாண்டிய இடத்தை, மைதானத்தை இடித்த பிறகும் அடையாளமிட்டு வைத்தார்கள். இங்கும் ஹோம் பிளேட், அதாவது அடிப்பவர் நிற்கும் இடத்துப் பலகை, இருந்த இடம் அதே இடத்தில் நிரந்தரமாக அடையாளமிடப்பட வேண்டும், அதைச் சுற்றிப் பிள்ளைகள் ஆட ஒரு களமாவது விடப்பட வேண்டும், அதற்கு ரிக்கியின் பெயர் தொடர வேண்டும். இதற்கான செலவு லீக்குடையது. விட்டுக்கொடுத்த இடமாற்றக் கட்டணத்தில் ஒரு சிறு துளிகூட ஆகாது. இடிக்கும் தேதி முடிவானால், அதற்கு முன் சில நாட்களாவது வாயிலைத் திறந்து குடும்பங்களைக் கட்டணமில்லாமல் களத்தில் இறங்க விடும்படி நகரத்தையும் நிலத்தை வாங்குபவர்களையும் உங்கள் பெயரில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

லீக்கில் இன்னும் இரண்டு அணிகளைச் சேர்க்கும் எண்ணம் இருப்பதாக ஆணையர் சொல்லிவருகிறீர்கள். அந்தப் பட்டியலில் ஓக்லண்டின் மனுவையும் மற்ற ஊர்களுக்குச் சமமாக வைத்து, திறந்த கூட்டத்தில் பரிசீலியுங்கள். 2022-இன் கூட்டக் கணக்கை எங்களுக்கு எதிரான சாட்சியாக வைக்காதீர்கள்.

கடைசியாக, விதியை மாற்றுங்கள். இனி எந்த அணியையும் இடம் மாற்றும் முன், அந்த ஊரிலேயே, ரசிகர்கள் பேசக்கூடிய பொது விசாரணை ஒன்றை உரிமையாளர்கள் நேரில் வந்து நடத்த வேண்டும். அணியின் வரவு செலவைப் பொதுவில் வைக்க வேண்டும். வாக்கெடுப்பில் யார் எப்படி வாக்களித்தார், ஏன் என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும்.

இந்த நான்குக்கும் உங்கள் அலுவலகத்தின் பதிலைத் தனிக் கடிதமாக இல்லாமல் பொது அறிக்கையாக எதிர்பார்க்கிறேன். முடியாது என்றால் எது முடியாது, எதனால் முடியாது என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கொலிசியம் ரசிகை ஒருத்தி
ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா